ஆற்றில் போட்டது, குளத்தில் எடுத்தது

விருத்தாசலம் என்றதும் இலக்கியம் படிக்கிறவர்களுக்குப் புதுமைப்பித்தனின் இயற்பெயர் ஞாபகம் வரும். ரயிலில் போகிறவர்களுக்கு அது ஒரு ஜங்ஷன். கொலு வைக்கிற வீடுகளுக்குப் பீங்கான் பொம்மை. நான் எழுத உட்கார்ந்தது இந்த மூன்றாவதைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தப் பொம்மைகளைப் பற்றி நான் எழுதிய ஒரு பொய்யைப் பற்றி.

சென்னையில் ஓர் அமைப்பு மூன்று நாள் சந்தை ஒன்று நடத்தியது. பழந்தமிழ் அங்காடியை மீட்டெடுப்பதாகச் சொன்னார்கள். மூங்கில் பந்தல், பனையோலைக் கூரை, தரையெல்லாம் மணல். கடைக்காரர்கள் வேட்டி, சேலையில்தான் வர வேண்டும். பணம் வாங்குகிற கியூஆர் அட்டை மட்டும் மண்பானைக்குப் பின்னால் மறைந்திருந்தது. விருத்தாசலத்திலிருந்து ஒரு பீங்கான் கடையும் வந்திருந்தது. "உங்க ஊர்தானே, ஒரு சின்னக் குறிப்பு எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். கடை முன்னால் வைக்கிற அட்டைக்கு இரண்டு வரி. நான் பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். சோழர் காலம் தொட்டு மணிமுத்தாற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பீங்கான் கலை என்று. நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இரண்டாம் நாள் மாலை அந்தக் கடைக்குப் போனேன். ஐம்பது வயது தாண்டிய ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். ஊர்க்காரன் என்று சொன்னதும் டீ வாங்கிக் கொடுத்தார்.

"தம்பி, இந்த அட்டையில என்னா எழுதியிருக்குது? கண்ணாடி எடுத்தாரல. வர்றவங்கள்லாம் இதப் படிச்சிட்டு என்னைப் பாத்துக் கும்புடறாங்க."

படித்துக் காட்டினேன். அவர் சிரித்தார்.

"சோழரு எங்க வந்தாரு? எங்கப்பன் கவர்மெண்ட்டு செராமிக் சென்டருக்கு வேலைக்குப் போயிதான் இதக் கத்துக்கிட்டாரு. அதுக்கு முன்னாடி எங்க வூட்ல எல்லாருமே கூலிக்குக் களை வெட்டப் போறவங்கதான்."

"சும்மாதான்க்கா. படிக்கிறவங்களுக்குப் பிடிக்கும்."

"பிடிக்கட்டும். வாண்டாம்னு சொல்லல. ஆனா அதுல எங்கப்பனக் காணுமே?"

நான்தான் அதை எழுதினேன் என்று அவரிடம் சொல்லவில்லை. ஒரு ஜோடி விளக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

*

அவர் சொன்னதுதான் உண்மை. விருத்தாசலத்தின் பீங்கான் தொழில் கோயில் சிற்பத்தோடு பிறந்தது இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு அரசு முயற்சியில் வளர்ந்தது. பயிற்சி நிலையம், தொழிற்பேட்டை, செராமிக் பாலிடெக்னிக் என்று ஒவ்வொன்றாக வந்தன. வெள்ளைக் களிமண்ணோடு மற்ற தாதுக்களைச் சேர்த்து, தண்ணீர் விட்டு அரைத்து, பாலேடு மாதிரி கூழாக்குவார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் அதை ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் ஒட்டிய மண் ஓடு போல இறுகும். மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே ஒரு பிள்ளையார் இருப்பார். பிசிறு சீவி, காயவைத்து, சூளையில் வைக்க வேண்டும். இதே ஊரில், இதே மண்ணில்தான் மின்கம்பத்துக்கான இன்சுலேட்டரும் வீட்டு மீட்டர் பலகைக்கான பியூஸ் கேரியரும் செய்தார்கள். கிராமத்துக்குக் கரண்ட் வந்த காலத்தின் தொழில் இது. ராஜராஜனுக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது.

அப்புறம் ஏன் எனக்குச் சோழர் தேவைப்பட்டார்?

சோம்பேறித்தனம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அது மட்டும் இல்லை. ஒரு பொருளுக்கு மதிப்பு வர வேண்டுமானால் அது பழசாக இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை எனக்குள் கேள்வியே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ஊருக்கு இது பெயரிலேயே இருக்கிற வியாதி. தேவாரத்தில் அது திருமுதுகுன்றம். முதுமையான குன்று. அதை வடமொழியாக்கியதுதான் விருத்தாசலம். சாமியின் பெயர் பழமலைநாதர். காசியைவிட வீசம் அதிகம் என்று விருத்தகாசி என்றும் சொல்வார்கள். இப்படி ஒரு ஊரில் பிறந்தவனுக்கு, அறுபது எழுபது வருஷக் கதை ஒரு கதையாகவே தெரியாது.

1983-ல் எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் தொகுத்த ஒரு கட்டுரைத் தொகுப்பு, மரபுகள் எப்படிப் புதிதாக உண்டாக்கப்படுகின்றன என்று காட்டியது. ஸ்காட்லாந்தின் ஆதிகால உடை என்று உலகம் நம்புகிற கட்டம்போட்ட கில்ட் பெரும்பாலும் 18, 19-ஆம் நூற்றாண்டுகளின் ஏற்பாடு என்கிறது அதில் ஒரு கட்டுரை. கல்லூரியில் இதைப் படித்தபோது வெள்ளைக்காரன் எப்படியெல்லாம் ஏமாற்றியிருக்கிறான் என்று சிரித்தேன். அதே வேலையைப் பத்து நிமிடத்தில் நான் செய்ய முடியும் என்று அப்போது தெரியாது.

என் பக்கத்துக்கும் ஒரு வாதம் உண்டு. குற்றமில்லாத நன்மையைத் தரும் என்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத் தக்கது என்று வள்ளுவரே சொல்கிறார். அந்த அட்டையால் விற்பனை கூடியது. அக்காவுக்கு நாலு காசு கிடைத்தது. யாருக்கு நஷ்டம்?

"அதுல எங்கப்பனக் காணுமே" என்பதுதான் அதற்குப் பதில். களை வெட்டப் போன ஒரு மனிதன், அரசு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, அச்சும் சூளையும் கற்று, தன் பிள்ளைகளை வயலிலிருந்து வெளியே கொண்டுவந்திருக்கிறான். அந்தக் குடும்பத்தின் ஆகப் பெரிய சம்பவம் அது. நான் அதன்மேல் ஆயிரம் வருஷத்தைத் தூக்கிப் போட்டு மூடிவிட்டேன். 'தலைமுறை தலைமுறையாக' என்று எழுதியபோது, அவர்கள் எதிலிருந்து தப்பித்து வந்தார்களோ அதை அழித்துவிட்டேன். வள்ளுவர் போட்ட நிபந்தனை நன்மை மட்டும் இல்லை, குற்றம் இல்லாத நன்மை.

*

அட்டை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சந்தையைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. பழைய சந்தையை மீட்பது என்றால் எதை மீட்பது?

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஊரில் மீட்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு சந்தை நடந்துகொண்டிருக்கிறது. பழமலைநாதர் கோயிலைச் செம்பியன் மாதேவி 10-ஆம் நூற்றாண்டில் கற்றளியாக எடுப்பித்தார். அங்கே ஒவ்வொரு மாசியிலும் பத்து நாள் திருவிழா. ஆறாம் நாள் விபசித்து முனிவருக்குக் காட்சி, ஒன்பதாம் நாள் தேர், பத்தாம் நாள் மாசி மகம். மணிமுத்தாற்றில் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, சுற்றுப்பட்ட ஊர் ஜனங்கள் விடியலிலேயே வந்து ஆற்றங்கரையில் முன்னோர்களுக்குத் திதி கொடுப்பார்கள். கூட்டம் சேர்கிற இடத்தில் கடை சேரும். வளையல், பொரிகடலை, அரிவாள்மணை, இரும்புச் சட்டி, பாய், முறம், ராட்டினம். எனக்கு அரைஞாண் கயிறிலிருந்து முதல் கூலிங் கிளாஸ் வரை எல்லாம் அங்கேதான் வாங்கியது.

அதை யாரும் பாரம்பரியச் சந்தை என்று சொல்வதில்லை. மாசி மகக் கடை, அவ்வளவுதான். அங்கே பிளாஸ்டிக் குடம் இருக்கிறது, சீனப் பொம்மை இருக்கிறது, ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு இருக்கிறது. புகைப்படம் எடுக்க வருகிறவர்கள் இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரு கிழவியையும் ஒரு முறத்தையும் தேடுகிறார்கள். சென்னையில் மீட்கப்பட்ட சந்தையில் இதெல்லாம் கிடையாது. மீட்கப்பட்டது உயிரோடு இருப்பதைவிடப் பழையதாகத் தெரிகிறது. எனக்கு முதல் சந்தேகம் இங்கேதான் வந்தது.

உலகம் முழுக்க இப்படி ஓர் ஆசை இருக்கிறது. பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் நான்கு ஊர்கள் மாறி மாறி வருஷத்துக்கு ஆறு பெரிய சந்தைகளை நடத்தின. அதில் ஒன்று ப்ரோவான். ஃப்ளாண்டர்ஸ் துணியும், இத்தாலிய வணிகர்கள் கொண்டுவந்த கிழக்கு நாட்டு மிளகும் வாசனைப் பொருள்களும் அங்கே கைமாறின. 14-ஆம் நூற்றாண்டில் அந்தச் சந்தைகள் நொடித்தன. 2001-ல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. இப்போது வருஷா வருஷம் அங்கே ஒரு திருவிழா. ஜனங்கள் இடைக்கால உடை போட்டுக்கொண்டு வருகிறார்கள். வீரர்கள் சண்டை போட்டுக் காட்டுகிறார்கள்.

லண்டனில் நடந்தது வேறு. 1133-ல் அரசர் அனுமதியோடு தொடங்கிய பார்த்தலோமியோ சந்தை எழுநூறு வருஷத்துக்கும் மேல் ஓடியது. துணிச் சந்தையாக ஆரம்பித்து, கடைசியில் கூத்து, குடி, குத்துச்சண்டை என்று ஆகிவிட்டது. ஒழுக்கக்கேடு, ரகளை என்று சொல்லி 1855-ல் மூடிவிட்டார்கள். அது சாகும்போது யாரும் அதைப் பாரம்பரியம் என்று சொல்லவில்லை. தொல்லை என்றார்கள். உயிரோடு இருக்கும்போது தொல்லை, செத்த பிறகு பாரம்பரியம். நம் ஊர்த் திருவிழாக் கடைகளைப் பற்றி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டவர்கள் பேசுவதைக் கேட்டால் இது புரியும்.

ப்ரோவானில் இன்று உடை இருக்கிறது, கொடி இருக்கிறது. அந்தப் பழைய சந்தையை நடத்தியது எதுவோ அது இல்லை. அது நம்பிக்கை. எங்கிருந்தோ வந்த வணிகன் ஒருத்தன் கடன் வைத்துவிட்டு ஓடிப்போனால், சந்தைக் காவலர்கள் அவன் ஊருக்கே தகவல் அனுப்புவார்கள். அந்த ஊர் நியாயம் செய்யாவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் யாருமே சந்தைக்குள் வர முடியாது. இங்கிலாந்தின் சந்தைகளில் 'புழுதிக்கால்' நீதிமன்றம் என்று ஒன்று இருந்தது. காலில் புழுதியோடு வழிநடந்து வருகிற வியாபாரி ஒரு வாரம், ஒரு மாதம் என்று வாய்தாவுக்குக் காத்திருக்க முடியாது. அதனால் சந்தை நடக்கிறபோதே, அங்கேயே, அன்றைக்கே வழக்கை முடித்துவிடுவார்கள். விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் ஒரு நியாயம் நிற்கிற இடம்தான் சந்தை. பந்தலும் ஓலையும் அதற்குப் பிறகு வருவது.

நம்மிடமும் இது இல்லாமல் இல்லை. மணிமேகலை இந்திர விழா அறிவிப்போடு தொடங்குகிறது. முரசறைகிறவன் தெருவை அலங்கரிக்கச் சொல்வதோடு நிறுத்துவதில்லை. பகையாளியை எதிரே பார்த்தாலும் சண்டை போடாமல் விலகிப் போகச் சொல்கிறான். வெவ்வேறு சமயத்தார் பட்டிமண்டபத்தில் ஏறி வாதிடலாம் என்கிறான். அந்த விழாவைச் சோழ அரசன் மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்று அதே காப்பியம் பின்னால் சொல்கிறது. பாரம்பரியம் அழிகிறதே என்று பதறுகிறவர்கள் எல்லாருக்குள்ளும் இந்தப் பயம்தான் இருக்கிறது. ஆனால் அலங்காரத்தை விட்டதற்கா கடல் வரும்? விழா நாளிலாவது ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொள்ளாமல் நிற்கிற அந்த ஏற்பாட்டை விட்டதற்கு வந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. அங்கே ஜனங்கள் தங்கள் குறையைக் காகிதத்தில் பிராதாக எழுதிக் கட்டுகிறார்கள். ஏமாற்றப்பட்ட பணம், பிரிந்துபோன உறவு, திருட்டுப்போன நகை. அதைப் பார்க்கும்போதெல்லாம் புழுதிக்கால் நீதிமன்றம்தான் ஞாபகம் வரும். கோர்ட்டுக்குப் போக வசதியில்லாத, வாய்தாவுக்கு அலைய நேரமில்லாத ஆட்கள் நியாயம் கேட்கிற இடம்.

*

மீட்பதே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. நல்லபடியாக மீண்டதும் உண்டு. திருவாரூர் ஆழித்தேர் 1948-க்குப் பிறகு பல வருஷம் ஓடாமல் நின்றது. 1970-ல் கருணாநிதி ஆட்சியில் மறுபடி ஓடியது. திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தது. கொதிகலன் செய்கிற கம்பெனியும், கடவுள் மறுப்பு இயக்கத்திலிருந்து வந்த முதலமைச்சரும் சேர்ந்து மீட்ட தேர் அது. பிரேக் இருக்கிற தேர் பழைய தேரா என்று யாரும் கேட்பதில்லை. தேர் ஓட வேண்டும், யார் காலும் நசுங்கக் கூடாது. இரண்டும் நடக்கிறது.

இன்னொரு பக்கம் மீட்கக் கூடாததும் இருக்கிறது. இடைக்காலக் கோயில் விழாவை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றால் தேவதாசி முறையையும் கொண்டுவர வேண்டும். சென்னை மாகாணம் 1947-ல் அதைச் சட்டம் போட்டு நிறுத்தியது. யாரை உள்ளே விடலாம், யாரை வெளியே நிறுத்தலாம் என்ற பழைய கணக்கையும் கொண்டுவர வேண்டும். அதற்கு எதிரான கோயில் நுழைவுச் சட்டமும் அதே வருஷம்தான் வந்தது. சட்டம் வந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில் தலித் மக்களும் வடம் பிடிப்பதை ஏற்க மனமில்லாத தகராறு நீதிமன்றம் வரை போனது. தேர் வருஷக்கணக்காக ஓடாமல் நின்று 2024-ல்தான் மறுபடி ஓடியது. எல்லார் கையும் படுவதைவிட ஓடாமல் நிற்பதே மேல் என்று நினைக்கிற பாரம்பரியமும் நம்மிடம் இருக்கிறது.

ஆக, நாம் எல்லாருமே தேர்ந்தெடுத்துத்தான் மீட்கிறோம். இது வேண்டும், அது வேண்டாம் என்று ஒதுக்குகிறோம். அப்படி ஒதுக்குகிறபோது நம் கையில் ஓர் அளவுகோல் இருக்கிறது. பல சமயம் அது என்னவென்று நமக்கே தெரியாது. சென்னைச் சந்தையில் அது பார்வைக்கு அழகாக இருப்பது. எனக்கு, பழசாக இருப்பது. இரண்டுமே தப்பான அளவுகோல் என்று அக்காவின் கேள்வி காட்டிவிட்டது. சரியானது எது?

இதற்கு எங்கள் ஊரிலேயே இரண்டு கதைகள் இருக்கின்றன. சின்ன வயதிலிருந்து கேட்டவை. ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்க்க இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

முதலாவது சுந்தரர் கதை. முதுகுன்றத்தில் சிவன் அவருக்குப் பன்னிரண்டாயிரம் பொன் கொடுக்கிறார். திருவாரூர் வரை எப்படித் தூக்கிப் போவது? மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்கிறார் சாமி. ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுவது என்ற பேச்சு இதிலிருந்து வந்தது. சுந்தரர் பக்தர்தான், ஆனால் ஏமாளி இல்லை. ஆற்றில் போடுவதற்கு முன் பொன்னில் கொஞ்சம் வெட்டி மச்சமாகக் கையில் வைத்துக்கொள்கிறார். குளத்தில் எடுத்ததை அந்த மச்சத்தோடு உரசிப் பார்த்தால் மாற்று குறைகிறது. அவர் விடவில்லை. பாடிப் பாடி, மாற்றுச் சரியான பிறகுதான் வாங்கிக்கொள்கிறார். மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் திருவாரூரில் இருக்கிறார்.

காலம் என்கிற ஆற்றில் விழுந்த எதையும் நாம் வேறொரு குளத்தில்தான் எடுக்கிறோம். அதில் தப்பில்லை. வேறு இடம், வேறு காலம், வேறு ஜனங்கள். ஆனால் கையில் மச்சம் இல்லாமல் எடுத்தால் வருவது பொன்னா பித்தளையா என்று சொல்ல முடியாது.

எது மச்சம்? இரண்டாவது கதை அதைச் சொல்கிறது. பழமலைநாதர் கோயில் திருப்பணியை விபசித்து முனிவர் செய்தார் என்பது தலபுராணம். கூலி கொடுக்க அவரிடம் பணம் இல்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் கோயிலில் இருக்கிற வன்னி மரத்தின் இலைகளை அள்ளி வேலையாட்களுக்குக் கொடுப்பாராம். அவரவர் செய்த வேலைக்குத் தக்கபடி அது காசாக மாறுமாம். மாசி மகத்தின் ஆறாம் நாள் சாமி காட்சி கொடுப்பது இந்த முனிவருக்குத்தான். அந்த நாளைச் சுற்றித்தான் கடைகள் களைகட்டும்.

என் ஊரின் சந்தைக்கு மச்சம் இதுதான் என்று நினைக்கிறேன். வேலை செய்தவன் கைக்கு வேலைக்குத் தக்கது போய்ச் சேர்ந்ததா? மீட்கப்பட்ட சந்தையை இதில் உரசிப் பார்க்க வேண்டும். உடையிலும் ஓலையிலும் உரசினால் எல்லாம் பொன்னாகத்தான் தெரியும்.

*

இந்தக் கதையையும் நான் அப்படியே நம்பிவிடவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்ற சொல் வரும். கூலி இல்லாமல் செய்தாக வேண்டிய வேலை. இன்றைக்கும் 'வெட்டி வேலை' என்கிறோம், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே. கற்றளிகள் எழுந்த அதே காலத்தில் இந்தச் சொல்லும் புழங்கியது. கூலி கிடைக்காத ஜனங்கள் ஆறுதலுக்காக உண்டாக்கிய கதையாக இது இருக்கலாம். இல்லை, கூலி கொடுக்காதவர்கள் உண்டாக்கியதாகவும் இருக்கலாம். இலை இலையாகவே இருந்துவிட்டால் 'நீ சரியா வேலை செய்யல' என்று சொல்லிவிடலாமே. எத்தனை கம்பெனிகளில் வருஷக் கடைசியில் இதே பதிலைக் கேட்டிருப்போம்.

இருந்தாலும் ஒன்று. ஜனங்கள் இந்தக் கதையை மறக்கவில்லை. செம்பியன் மாதேவி என்ற ராணியின் பெயர் கல்லில் இருக்கிறது. அவர் பெயர் தெரியாத ஆட்களுக்குக்கூட இலை காசான கதை தெரியும். கோயில் எவ்வளவு உயரம் என்பதைவிட, கட்டினவனுக்குக் கூலி கிடைத்ததா என்பதுதான் அவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள விரும்பிய விஷயம். நடந்ததைச் சொல்லாவிட்டாலும், நடந்திருக்க வேண்டியதைச் சொல்கிற கதை. பாரம்பரியம் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த மாதிரி ஞாபகங்களைத்தான் என்று எனக்குப் படுகிறது. முன்னோர்கள் செய்ததை எல்லாம் நாம் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. அவர்கள் ஆசைப்பட்டுச் செய்ய முடியாமல் போனதைச் செய்யலாம்.

அப்படிப் பார்த்தால் களை வெட்டப் போனவனுக்குச் சூளை வேலை கற்றுக்கொடுத்த ஓர் அரசு நிலையம் அந்த வன்னி மரத்துக்குச் சோழர் காலத்தைவிட நெருக்கமானது. இலை காசானது அங்கேதான். எழுபது வருஷத்தைப் பாரம்பரியம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டிருக்க வேண்டியது அதற்கு இல்லை.

*

இந்த மாசி மகத்துக்கு ஊருக்குப் போனபோது அந்த அக்காவைத் தேடினேன். சன்னதித் தெருவிலிருந்து கொஞ்சம் தள்ளி, சாக்கு விரித்து, பொம்மைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். செட்டியார் பொம்மை, கல்யாண செட்டு, அகல், உண்டியல். பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக் துப்பாக்கி. அட்டை எதுவும் இல்லை.

சென்னையில் அவர் அறுபது ரூபாய் என்று ஒட்டி விற்ற விளக்கு இங்கே இருபது. "அங்க எவ்வளவுக்கா கைக்கு வந்துச்சு?" என்று கேட்டேன். நடத்தினவர்கள் பங்கு, லாரி வாடகை, உடைந்தது எல்லாம் போக ஒரு விளக்குக்குப் பதினைந்து ரூபாய் நின்றது என்றார். "இங்க இருவதுக்கு வித்தா இருவதும் எனக்கு. என்னா, அங்க கும்புடறாங்க, இங்க பேரம் பேசறாங்க."

அவருக்குக் கும்பிடு பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். மரியாதை வேண்டும், காசும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பிடித்துக்கொள்கிற மாதிரி நாம் சந்தை வைக்கிறோம். மாசி மகக் கடையிலும் நியாயம் முழுசாக இல்லை. போன வருஷம் வரை நானே அங்கே இருபதைப் பத்துக்குக் கேட்டவன்.

இந்தத் தடவை சொல்லிவிட்டேன். "அக்கா, அந்த அட்டைய எழுதுனது நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. "படிச்ச புள்ளைங்க அப்படித்தான் எழுதுவீங்க" என்றார். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

"வேற எழுதித் தரட்டுமா? அப்பா பேரு போட்டு?"

கொஞ்சம் யோசித்தார். ஒரு பையன் உண்டியலைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்மேல் ஒரு கண் வைத்தபடியே சொன்னார்: "பேரு போடு. செராமிக் சென்டர்ல வேல பாத்தாருன்னு போடு. அப்புறம் ஒரு வெளக்குல எனக்கு எவ்வளவு நிக்கிதுன்னு போடு. அதயும் படிச்சிட்டுக் கும்புடுவாங்களான்னு பாக்கலாம்."

எழுதி அந்த அமைப்புக்கு அனுப்பியிருக்கிறேன். விலை விவரம் மட்டும் வேண்டாமே, மற்றதெல்லாம் அருமை என்று பதில் வந்தது. விலை இல்லாமல் போடுவதென்றால் அட்டையே வேண்டாம் என்று மறுபடி எழுதினேன். அடுத்த சந்தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவர்கள் இனி வேறு யாரிடமாவது இரண்டு வரி கேட்பார்கள் என்று தோன்றுகிறது. அந்த யாரோ ஒருவர் இதைப் படிக்க நேர்ந்தால், பேனாவை எடுப்பதற்கு முன் அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.